சென்றி நடை

அமராவதி யாரையும் லேசில் நம்புகிறவள் அல்ல. நிவாரணப் பருப்பு கிடைத்தால் சுளகில் போட்டுப் புடைத்து, பிறகும் ஒரு பிடியை வெயிலில் பிடித்துப் பார்த்துத்தான் உலையில் போடுவாள். மண்ணெண்ணெயை மணந்து பார்ப்பாள். வவுனியாவில் ஓர் அரிசி ஆலையில் அவித்த நெல்லைக் காயப்போடுவது அவளுடைய வேலை. நெல் காய்ந்துவிட்டது என்று முதலாளியே வந்து சொன்னாலும், தானே ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்க்காமல் அள்ளமாட்டாள். அகதி முகாமில் பக்கத்துக் குடிசைக்காரர் அவளுக்கு வைத்த பெயர் சி.ஐ.டி. அதைக் கேள்விப்பட்டும் அவள் சண்டைக்குப் போகவில்லை. அந்தப் பெயரை யார் யார் சொல்கிறார்கள் என்று மட்டும் மனதில் வைத்துக்கொண்டாள்.

இந்தச் சந்தேகம் அவளோடு கூடப் பிறந்ததல்ல. வாழ்க்கை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தது. கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிவந்த தாய் தகப்பனோடு, சின்னப் பிள்ளையாக இரணைமடு வாய்க்கால் பக்கம் வந்து சேர்ந்தவள் அவள். காட்டை வெட்டுங்கள், வெட்டின நிலம் உங்களுக்குத்தான் என்றார்கள். வெட்டி முடித்த பிறகு நிலத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர் குடை பிடித்துக்கொண்டு வந்தார். அது முதலாவது பாடம்.

இரண்டாவது பாடம் மகள் சிவரூபி. மாயாண்டியைக் கட்டிப் பல வருசம் பிந்திப் பிறந்த ஒரே பிள்ளை. மாதம் நிறைய முன்னமே பிறந்தாள், பிறந்ததும் அழவில்லை. ஒன்றும் இல்லை, போகப்போகச் சரிவரும் என்றார் ஒரு டொக்டர். போகப்போகச் சரிவரவில்லை. பிள்ளை பிந்தித் தவழ்ந்தாள், பிந்தி எழுந்தாள், எழுந்தபோது குதி நிலத்தில் படவில்லை. முழங்கால்கள் ஒன்றையொன்று உரச, விரல் நுனியில் நடந்தாள். இன்னொரு டொக்டர் வேறு கதை சொன்னார்: காலில் பிழை இல்லை, பிறக்கிற நேரம் மூளையில் ஒரு சின்ன இடம் பழுதுபட்டுவிட்டது, அது காலுக்கு அனுப்புகிற கட்டளைதான் குழம்புகிறது. காலில் பிழை இல்லையென்றால் இவள் ஏன் விழுகிறாள் என்று அமராவதி கேட்டாள். டொக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மூன்றாவது பாடத்தைப் பற்றி அவள் யாரோடும் கதைப்பதில்லை. கிளிநொச்சிப் பக்கம் சண்டை மூண்டு சனம் இடம்பெயர்ந்தபோது, விளைந்து நின்ற நெல்லை அறுத்துவிட்டு வருகிறேன் என்று மாயாண்டி பின்தங்கினான். பாதை பூட்டுப்பட்டுவிட்டது, அவன் அந்தப் பக்கம். அமராவதி மகளையும் தம்பி சுடலைமுத்துவையும் கூட்டிக்கொண்டு வவுனியாவுக்கு வந்தாள். வந்த கிழமையே ஒரு சோதனைச் சாவடியில் தம்பியை மறித்தார்கள். “சின்ன விசாரணைதான் அம்மா, நீங்கள் வெளியில நில்லுங்கோ” என்று மிக மரியாதையாகச் சொன்னார்கள். கதவைச் சாத்தினார்கள். அவள் வெளியில் நின்றாள். பொழுதுபடும்வரை நின்றாள். அந்தக் கதவால் அவளுடைய தம்பி திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு சாத்தின கதவுக்கு முன்னால் நிற்க அவளால் முடியாது. குடிசைக்குக்கூடச் சாக்குப் படங்குதான் கட்டியிருந்தாள்.

முகாம் வாசலில் ஒரு சென்றி இருந்தது. மண்மூட்டை, தகரக்கூரை, துவக்கோடு ஒரு ஆமிக்காரன். வேலைக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போகிறவர்கள் எல்லாரும் அந்த வழியால்தான் போகவேண்டும். ஒரு நாள் சிவரூபி தன் வழக்கமான நடையில், டக்டக்கென்று விரல் நுனியில் வேகமாகப் போனாள். ஆமிக்காரன் “ஏய், நில்!” என்று கத்தினான். குதியை ஏன் ஊன்றுகிறாள் இல்லை, செருப்புக்குள் என்ன ஒளித்திருக்கிறாள் என்று அவனுக்கு ஐமிச்சம். செருப்பைக் கழற்றச் சொல்லி, குழந்தையின் காலைப் பிடித்து மடக்கி, குதியை அமத்திப் பார்த்தான். சிவரூபி நின்ற இடத்திலேயே சலம் போய்விட்டாள். அமராவதிக்கு வயிறு பற்றி எரிந்தது. எரிந்து என்ன செய்வது, சிரித்துக்கொண்டு நிற்கத்தான் முடிந்தது.

அன்றைக்குப் பின்னேரமே குடிசைகளுக்கு இடையிலுள்ள ஒழுங்கையில் பயிற்சி தொடங்கியது. “குதியை அமத்து. மெதுவா. கையை விலத்தி வை. ஆமியின்ர மூஞ்சையைப் பாக்காதை, நிலத்தையும் பாக்காதை. குதி, புள்ள, குதி!” கோபம் வந்தால் அமராவதியின் வாயில் தோட்டத்துத் தமிழ் எட்டிப் பார்க்கும். ஒழுங்கையின் அடுத்த முனையில் அவளே சென்றியாக நின்று கண்ணை எடுக்காமல் பார்ப்பாள். பிழைத்தால் திரும்ப நடக்க வேண்டும். பிள்ளை அழுதுகொண்டே பழகினாள். பல்லைக் கடித்து, இரண்டு காலையும் கம்பாக விறைக்க வைத்து, ஒவ்வொரு அடியாகக் குதியை நிலத்தில் பதித்து நடக்கிற ஒரு நடை அவளுக்கு வந்துவிட்டது. அதற்குச் சென்றி நடை என்று பெயரும் வைத்தாள். அதற்குப் பிறகு வாசலில் யாரும் அவளை மறிக்கவில்லை. வென்றுவிட்டோம் என்று அமராவதி நினைத்தாள்.

ராஜினி முகாமுக்கு வந்தது அடுத்த வருசம், தொண்ணூற்றெட்டில். நடக்க ஏலாத பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிற ஒரு நிலையத்தில் வேலை செய்கிற இளம்பெண் அவள். வெளிநாட்டு டொக்டர் ஒருவர் ஒரு மெசினோடு வந்திருக்கிறார், நடக்கும்போது காலின் எந்தத் தசை வேலை செய்கிறது, எது ஓய்வெடுக்கிறது என்று அது காட்டும், சிவரூபியையும் பார்க்கலாம் என்றாள்.

“ஏன் சும்மா பாக்கினம்?” என்றாள் அமராவதி.

“பிள்ளைக்கு என்ன செய்யலாம் எண்டு அறியத்தான் அக்கா.”

“எப்பிடிப் பாப்பினம்?”

“காலில வயர் ஒட்டி.”

வயர் என்ற சொல் அந்த நாட்களில் முகாமில் நல்ல சொல்லல்ல. காலில் கரண்ட் விடுவார்களா? இந்தக் கால் எந்தக் காட்டால் நடந்து வந்தது என்று அறியப் பார்க்கிறார்களா? அல்லது மெசினைக் காட்டிப் பிள்ளையைக் கொழும்புக்குக் கொண்டுபோகிற வேலையா? மூன்றையும் மாறி மாறி யோசித்தாள். ஆனால் சிவரூபி வளர வளர விழுவதும் கூடிக்கொண்டிருந்தது. ஒரு மாதம் முன்புதான் கிணற்றுக் கட்டில் விழுந்து பல்லை உடைத்திருந்தாள். இப்படியே விட்டால் ஒரு நாள் எழும்பாமலே விட்டுவிடுவாள் என்ற பயம் எல்லாச் சந்தேகத்தையும்விடப் பெரிதாக இருந்தது. அதனால் சம்மதித்தாள்.

“ஆனா நான் பக்கத்திலதான் நிப்பன். ஒரு அடி விலத்தமாட்டன்” என்றாள்.

நிலையத்தில் ஒரு நீள அறை. நிலத்தில் றப்பர் பாய் விரித்திருந்தார்கள். ஒரு மூலையில் கொம்பியூட்டர். பாயின் அந்த முனையில், கறுப்புக் கமரா ஒன்றை மூன்று காலில் நிறுத்தி, அதற்குப் பின்னால் அந்த வெள்ளைக்கார டொக்டர் குனிந்து நின்றார். அமராவதி முதலில் யன்னல்களைப் பார்த்தாள், பிறகு வாசலைப் பார்த்தாள். கதவு திறந்திருந்ததால் உள்ளே வந்தாள்.

ராஜினி சிவரூபியின் கெண்டைக்காலையும் முன்காலையும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள். வயரை எடுத்ததும் அமராவதி அவளுடைய கையைப் பிடித்துவிட்டாள்.

“முதல் எனக்கு ஒட்டுங்கோ மிஸ்.”

ராஜினி சிரித்தாள். மறுக்காமல் அமராவதியின் முழங்கைக்குக் கீழே ஒட்டினாள். ஊசி குத்தவில்லை, சுடவில்லை. “கையைப் பொத்துங்கோ” என்றாள். பொத்தியதும் கொம்பியூட்டரில் மெல்லிய கோடாக ஓடிக்கொண்டிருந்தது பொங்கித் தடித்தது. விரித்தாள், கோடு மெலிந்தது. “பாத்தியளோ அக்கா, இது உள்ளுக்கு ஒண்டும் அனுப்பாது. தசை வேலை செய்தால் தடிப்பாக் கீறும், ஓய்வெடுத்தால் மெல்லிசாக் கீறும். அவ்வளவுதான்.”

அமராவதி இன்னும் இரண்டு தரம் பொத்தி விரித்துப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் அவளுக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதே ஒரு சந்தேகத்தைக் கிளப்பியது. தாய்க்கு ஒன்றைக் காட்டிவிட்டுப் பிள்ளைக்கு வேறொன்றைச் செய்தால்? ஆனால் சொன்ன சொல்லை மீற முடியாமல் தலையாட்டினாள்.

இடுப்பில் ஒரு பெட்டியைக் கட்டி, வயர் பின்னால் இழுபட, சிவரூபி பாயின் இந்த முனையில் நின்றாள். அமராவதி கமராவுக்குப் பக்கத்தில் அந்த முனையில் போய் நின்றாள். அங்கிருந்தால்தான் பிள்ளை, மெசின், டொக்டர் மூன்றும் ஒரே பார்வையில் அகப்படும்.

“நடவுங்கோ சிவரூபி” என்றாள் ராஜினி.

பிள்ளை நடந்தாள். மெதுவாக, கையை விலத்தி, குதியை அமத்தி அமத்தி. மூஞ்சையைப் பார்க்கவில்லை, நிலத்தையும் பார்க்கவில்லை. அமராவதிக்குப் பெருமையாகத்தான் இருந்தது. என்ன வடிவாகக் குதி ஊன்றுகிறாள்!

பல தரம் நடக்க வைத்தார்கள். கோடுகள் எல்லாம் தொடக்கம் முதல் முடிவுவரை தடித்தே ஓடின. டொக்டரும் ராஜினியும் இங்கிலீசில் கதைத்தார்கள். அமராவதி அவர்களுடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். தெரியாத மொழியில் கதைப்பவர்கள் தன்னைப் பற்றித்தான் கதைக்கிறார்கள் என்பது அவளுடைய முடிவு. இந்தத் தடவை அது சரியாகவும் இருந்தது.

ராஜினி வந்து பக்கத்தில் இருந்தாள். “அக்கா, காலைத் தூக்கி முன்னுக்கு வைக்கிற நேரம் கெண்டைக்கால் தசை ஓய்வெடுக்க வேணும். இவாக்கு அது ஓய்வெடுக்கவே இல்லை. அப்பிடியெண்டால் குதிக்கு மேல இருக்கிற நாரை வெட்டி நீட்டிவிடுறதுதான் வழி எண்டு டொக்டர் நினைக்கிறார். கொழும்பில செய்யலாம்.”

கொழும்பு. அமராவதி நினைத்தது வந்துவிட்டது.

“ஆனா ஒண்டு. தேவையில்லாமல் வெட்டினால் குதி விழுந்து, முழங்கால் மடிஞ்சு, பிறகு நிக்கவே ஏலாமல் போகலாம். நீட்டினதைத் திரும்பச் சுருக்க ஏலாது. அதாலதான் கேக்கிறன்.” ராஜினி கொஞ்சம் குனிந்தாள். “உண்மையைச் சொல்லுங்கோ. வீட்டிலயும் இவா இப்பிடித்தான் நடக்கிறவாவோ? வேற மாதிரி நடக்கிறேல்லையோ?”

உண்மையைச் சொல்லுங்கோ. இந்த வார்த்தையை அமராவதி எத்தனை பேர் வாயால் கேட்டிருக்கிறாள்! புருசன் எங்கே, உண்மையைச் சொல். தம்பி யாரோடு பழகினான், உண்மையைச் சொல். வேறு மாதிரி நடக்கிறாளா என்று இவள் ஏன் கேட்கிறாள்? வாசலில் ஒரு நடை, உள்ளே ஒரு நடை என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஆமிக்காரனை ஏமாற்றினோம் என்று வருமோ? அவளுடைய வாய் தானாகவே பதில் சொன்னது.

“ஓம் மிஸ். எப்பவும் இப்பிடித்தான்.”

சிவரூபி சட்டென்று தாயை நிமிர்ந்து பார்த்தாள்.

தேத்தண்ணி கொடுத்தார்கள். அமராவதி குடிக்கவில்லை. திரும்பச் சுருக்க ஏலாது என்ற சொல் நெஞ்சுக்குள் நின்று குத்தியது. பொய் சொன்னதில் அவளுக்கு வெட்கமில்லை, பொய்யால்தான் இவ்வளவு காலமும் தப்பியிருக்கிறாள். ஆனால் இந்தப் பொய் பிள்ளையின் காலில் கத்தி வைக்கப் போகிறது.

சிவரூபி அவளுடைய காதுக்குள் வந்து கேட்டாள்: “அம்மா, நான் சரியா நடந்தனானோ? அந்தச் சென்றிக்காரர் ஒண்டும் சொல்லேல்லைத்தானே?”

“எந்தச் சென்றிக்காரர்?”

பிள்ளை கண்ணால் கமராவைக் காட்டினாள்.

அமராவதி கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டு எழுந்து நேரே ராஜினியிடம் போனாள். யோசித்தால் சொல்லமாட்டாள் என்று அவளுக்கே தெரியும், அதனால் யோசிக்காமல் சொன்னாள்.

“அது அவளின்ர நடை இல்லை மிஸ். ஆமிக்காரனுக்காக நான் பழக்கினது. உள்ளுக்கு அவள் வேற மாதிரி நடப்பாள்.”

ஏச்சு விழும் என்று காத்து நின்றாள். ராஜினியும் தினமும் மூன்று சென்றி தாண்டி வருகிறவள்தான். “சரி அக்கா” என்று மட்டும் சொன்னாள். “பரவாயில்லை. வீட்டில நடக்கிற மாதிரி நடக்கச் சொல்லுங்கோ, திரும்ப எடுப்பம்.”

டொக்டரிடம் சொல்லிக் கமராவை ஒரு துணியால் மூடினார்கள். அவரும் சிரித்துக்கொண்டு ஒரு மூலைக் கதிரையில் போய் இருந்தார். அமராவதி தன் பழைய இடத்தில் நின்று சத்தமாகச் சொன்னாள்: “வீட்டில நடக்கிற மாதிரி நட, புள்ள!”

சிவரூபி விறைத்துப் போனாள். முன்னையைவிட மோசமாக, குதியை அடித்து அடித்து வந்தாள்.

“அப்பிடியில்லை! சும்மா நடவன்டி!”

இன்னும் மோசம். பிள்ளையின் மேலுதடு வியர்த்துவிட்டது. ராஜினி கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள். சிவரூபி பாயின் நடுவில் சும்மா நின்றாள். சும்மா நின்றபோதும் கோடுகள் தடித்துத்தான் இருந்தன.

அந்த நேரம் அமராவதியின் சீலைத்தலைப்பு தோளிலிருந்து வழுகியது. அதை எடுத்துச் சொருகக் குனிந்தாள். ராஜினி கொம்பியூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “அக்கா, அப்பிடியே குனிஞ்சு நில்லுங்கோ.” கொஞ்சம் பொறுத்து, “இப்ப நிமிந்து பிள்ளையைப் பாருங்கோ” என்றாள். திரும்பவும், “யன்னல் பக்கம் பாருங்கோ.” பிறகு அமராவதியைக் கூப்பிட்டுத் தாளில் அச்சடித்துக் காட்டினாள். அமராவதி குனிந்த இடத்தில் கோடு மெலிந்திருந்தது. அவள் பார்த்த இடத்தில் தடித்திருந்தது. யன்னல் பக்கம் திரும்பிய இடத்தில் மறுபடியும் மெலிவு.

ராஜினி ஒரு விளக்கமும் சொல்லவில்லை. தேவைப்படவும் இல்லை. கையைப் பொத்தி விரித்துப் பார்த்தவளுக்கு அந்தக் கோடு விளங்கும். பிள்ளை பயந்தது கமராவுக்கு அல்ல. ஒழுங்கையின் முனையில் ஒவ்வொரு பின்னேரமும் சென்றியாக நின்றது யார்? அமராவதிக்கு அழுகை வந்தது. அழவில்லை. கோபம் வந்தது, அதை யார் மேல் போடுவது என்று தெரியவில்லை.

“நான் என்ன செய்ய வேணும் மிஸ்?” என்றாள்.

ராஜினி தயங்கினாள். பிறகு மிக மரியாதையாகக் கேட்டாள்: “கொஞ்ச நேரம் வெளியில நிக்கேலுமோ அக்கா? கதவைச் சாத்தோணும். நீங்கள் வாசலில நிண்டால் அவா பாத்துக்கொண்டே இருப்பா.”

அதே குரல், அதே வார்த்தை. இதற்குத்தானா இவ்வளவு நேரமும் வயரும் கோடும் காட்டினார்கள்? தன்னை வெளியே எடுப்பதற்குத்தானா? அமராவதி டொக்டரைப் பார்த்தாள், யன்னலைப் பார்த்தாள், மறுபக்கத்தில் வேறு வாசல் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது.

“அந்தப் பக்கக் கதவைப் பூட்டித் திறப்பை என்னட்டத் தாங்கோ” என்றாள்.

ராஜினி பூட்டித் திறப்பைக் கொண்டுவந்து கொடுத்தாள். அமராவதி அந்தச் சாவியைப் பொத்திப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். பின்னால் கதவு சாத்துப்பட்டது.

சாத்தின கதவுக்கு முன்னால் அவள் நின்றாள். தம்பி போன கதவு பச்சை நிறம், இது மண் நிறம். அதை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றாள். முதலில் உள்ளே ஒரு சத்தமும் இல்லை. ராஜினி என்னவோ சொல்வது கேட்டது. பிறகு சிவரூபி சிரித்தாள். பிறகு றப்பர் பாயில் டக்டக்டக்டக் என்று ஒரு வேகமான சத்தம் அந்த முனைவரை ஓடித் திரும்பி வந்தது. அமராவதி கதவில் தலையை முட்டுக் கொடுத்து அழுதாள். எவ்வளவு காலமாக அந்தச் சத்தத்தை அதட்டி அடக்கியிருக்கிறாள்!

கதவு திறந்தபோது பிள்ளை உள்ளேதான் இருந்தாள், வயரோடு, உடைந்த பல் தெரியச் சிரித்துக்கொண்டு. ராஜினி புதுத் தாளை நீட்டினாள். தடித்த கோட்டுக்கு இடையிடையே மெல்லிய இடங்கள். “ஓய்வெடுக்குது அக்கா. கொஞ்சந்தான், ஆனா எடுக்குது. இப்ப வெட்டத் தேவையில்லை. மாப்பத்து, அதுதான் பிளாஸ்டர், போட்டுக் காலை இழுத்து வைச்சு, பயிற்சி செய்து பாப்பம் எண்டு டொக்டர் சொல்லுறார்.”

அமராவதி தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “இது இவளின்ர பேப்பர்தானே?” என்று கேட்டாள். அதைக் கேட்காமல் விட்டால் அவள் அமராவதி இல்லை. பிறகு திறப்பைத் திருப்பிக் கொடுத்தாள். வியர்வையில் அது நனைந்திருந்தது.

பின்னேரம் முகாம் வாசலில் அதே சென்றி, வேறொரு ஆமிக்காரன். அமராவதி முன்னே போனாள். பின்னால் குதியை அமத்தி அமத்தி வருகிற மெதுவான நடை கேட்டது. வாசலுக்கு அது வேண்டும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. வாசலைத் தாண்டி, குடிசை ஒழுங்கை தொடங்கும் இடத்துக்கு வந்தார்கள். இனி மாறும் என்று காது கொடுத்தபடி நடந்தாள். மாறவில்லை. குதி, குதி என்று அப்படியே வந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். பிள்ளை இன்னும் விறைத்தாள்.

“நீ முன்னுக்குப் போ புள்ள” என்றாள் அமராவதி. “நான் பிறகு வாறன்.”

சொல்லிவிட்டு, ஒழுங்கைக்கு முதுகைக் காட்டி, முள்ளுக்கம்பி வேலியைப் பார்த்து நின்றாள். முதலில் சத்தமே இல்லை. பிள்ளை அம்மாவை நம்புவதா விடுவதா என்று யோசித்திருப்பாள்.

வேலியைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நிற்கிற ஒருத்தியைக் கண்டு ஆமிக்காரனுக்குச் சந்தேகம் வந்தது. “மொகத? மொகத?” என்று சென்றியிலிருந்து கத்தினான், என்ன என்றுதான் சிங்களத்தில் கேட்கிறான். இந்தப் பக்கம் திரும்பு என்று கையைக் காட்டினான். இவ்வளவு காலத்தில் ஆமிக்காரன் கூப்பிட்டு அமராவதி திரும்பாமல் இருந்ததில்லை. இப்போது அவன் பக்கம் திரும்பினால் ஒழுங்கையும் கண்ணில் படும். இரண்டு கைகளையும் விலத்திக் காட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடி, அப்படியே நின்றாள். அவன் மண்மூட்டையைத் தாண்டி இறங்கி வருகிற சப்பாத்துச் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால், தூரத்தில், டக்டக்டக்டக் என்று பிள்ளை வீட்டுக்கு ஓடுகிற சத்தமும் கேட்டது.